ஃபார்முலா கார் பந்தயங்களுக்கு அனுமதி தருமுன் தடத்தோரப் பாதுகாப்பை உறுதி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கார் பந்தயத் தடங்களில் பணியாற்றும் தன்னார்வ மார்ஷல்கள்

பெறுநர்:
மதிப்பிற்குரிய செயலாளர் அவர்கள்,
விளையாட்டுத் துறை

பொருள்: திறந்த சக்கரக் கார் பந்தயங்களில் ஓட்டுநர்கள், மார்ஷல்களின் உயிர்ப் பாதுகாப்பு – அனுமதி ஆணையில் நிபந்தனைகள் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பந்தய நாட்களில் தடத்தின் ஓரத்தில் கொடியோடும் தீயணைப்பானோடும் நிற்பவர்கள் நாங்கள். சம்பளத்துக்காக நிற்கவில்லை, இந்த விளையாட்டின் மேல் உள்ள பிரியத்தால் நிற்கிறோம். எனவே பந்தயத்தைத் தடை செய்யச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. அனுமதி ஆணையில் கையெழுத்திடுமுன் தடத்தோரத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தாங்கள் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

ஃபார்முலா வகைக் கார்களில் சக்கரங்களுக்கு மூடி கிடையாது. பின்னால் வரும் காரின் முன்சக்கரம் முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தில் ஏறிவிட்டால் கார் அப்படியே அந்தரத்தில் எழும்பிவிடும். 2011 அக்டோபர் 16 அன்று லாஸ் வேகாஸில் ஒன்றரை மைல் ஓவல் தடத்தில் 34 கார்களை இறக்கினார்கள். பதினோராவது சுற்றிலேயே 15 கார்கள் மோதிக்கொண்டன. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றிருந்த டான் வெல்டனின் கார் பறந்துபோய் வேலியில் மோத, வேலிக் கம்பத்தில் தலை அடிபட்டு அவர் இறந்தார். அத்தனை சிறிய தடத்தில் அத்தனை கார்களை விடலாமா என்ற கேள்வியை முந்தின நாளே யாராவது அதிகாரத்தோடு கேட்டிருக்க வேண்டும்.

காரைப் பொறுத்தவரை நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. 1994இல் இமோலாவில் ஏப்ரல் 30 அன்று ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் மறுநாள் ஓட்டுநர் அயர்டன் சென்னாவும் விபத்தில் இறந்த பிறகு ஃபார்முலா ஒன் தன் கார்களை ஒவ்வொன்றாகத் திருத்தியது. சக்கரம் பிய்த்துக்கொண்டு பறக்காமல் இருக்க 1999 முதல் அதைக் காரோடு கயிற்றால் பிணைத்தார்கள். மோதலில் தலை முன்னால் வெட்டி இழுபடாமல் ஹெல்மெட்டைத் தோளோடு இணைக்கும் ஹான்ஸ் கருவி 2003இல் கட்டாயமானது. 2018இல் ஹேலோ வந்தது. ஓட்டுநர் உட்காரும் காக்பிட்டுக்கு மேலே வளைந்து நிற்கும் அந்த டைட்டானியம் சட்டத்தைப் பார்க்க அழகாக இல்லை என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் தடுப்புக் கம்பிகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், இரண்டாக உடைந்து, தீப்பிடித்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அந்த விபத்தைத் தாங்கள் இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். ஹேலோ அவர் தலையைக் காப்பாற்றியது, சரி. ஆனால் சுமார் அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் வெளியே வந்தபோது கைநீட்டிப் பிடிக்க மருத்துவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அது தற்செயலாக நடந்ததில்லை. முதல் சுற்றில் மருத்துவக் கார் எல்லாக் கார்களுக்கும் பின்னாலேயே ஓட வேண்டும் என்ற ஏற்பாடு, 1978இல் மோன்சாவில் ரோனி பீட்டர்சன் விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்த பிறகு வந்தது. எதிர்ப்புறத்தில் நின்ற மார்ஷல் ஒருவர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு தடத்தைக் கடந்து ஓடிவந்தார். கார், மருத்துவர், தீயணைப்பவர் மூன்றும் சரியாக அமைந்ததால் ஒரு மனிதர் உயிரோடு வீடு திரும்பினார்.

இதில் முதலாவதைக் கார் செய்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ள எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கவலை.

1973இல் ஸாண்ட்வோர்ட்டில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. சக ஓட்டுநர் டேவிட் பர்லி தன் காரை ஓரம் நிறுத்திவிட்டு ஓடிவந்து, எரிகிற காரைத் தனியாளாக நிமிர்த்தப் பார்த்தார். அருகில் நின்ற மார்ஷல்களிடம் தீயைத் தாங்கும் உடை இல்லை, நெருங்க முடியவில்லை. பந்தயம் நிறுத்தப்படவும் இல்லை, மற்ற கார்கள் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தன. வில்லியம்சன் அந்தக் காருக்குள்ளேயே இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து கயலாமியில் நடந்தது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஓரத்தில் நின்ற ஒரு காரில் சின்னத் தீ. அதை அணைக்க 19 வயது மார்ஷல் ஒருவர் தீயணைப்பானோடு தடத்தின் குறுக்கே ஓடினார். தடம் அங்கே மேடேறி இறங்குவதால் வரும் கார்கள் கண்ணுக்குத் தெரியாது. மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்த டாம் பிரைஸின் கார் அவரை மோதியது. அவர் கையிலிருந்த தீயணைப்பான் பிரைஸின் தலையைத் தாக்கியது. இருவருமே அங்கேயே இறந்தார்கள். எப்போது தடத்தில் கால் வைக்கலாம், எப்போது கூடாது என்று அந்தப் பையனுக்கு யாராவது பயிற்சி கொடுத்து, பந்தயத்தையும் மெதுவாக்கியிருந்தால் இரண்டு உயிர்கள் போயிருக்காது.

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசூகா தடம். மழை, மங்கும் வெளிச்சம். ஒரு வளைவில் அட்ரியன் சூட்டிலின் கார் வழுக்கிப்போய் நின்றது. அதைத் தூக்க டிராக்டரை உள்ளே விட்டார்கள். வேகத்தை நன்றாகக் குறைத்து நிற்கவும் தயாராக வரச் சொல்லும் இரட்டை மஞ்சள் கொடியை மார்ஷல்கள் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல் பியாங்கியின் கார் தடம் மாறி அந்த டிராக்டரின் அடியில் போய் மோதியது. ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து 2015 ஜூலை 17 அன்று இறந்தார். பியாங்கி போதுமான அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். மழையில் நின்று கொடி ஆட்டியவர்களுக்குத் தெரியும்: கார் கிளப்பும் நீர்ப்புகைக்குள் பின்னால் வருபவருக்குக் கொடி தெரிவதற்கும் வளைவு வந்துவிடுவதற்கும் இடையில் நேரமே இருக்காது. ஓட்டுநர் தவறவே மாட்டார் என்று நம்பி டிராக்டரை உள்ளே விடுவது பாதுகாப்பு ஆகாது. 2022இல் அதே சுசூகாவில், மழையில், தடத்தில் நின்ற மீட்பு வாகனத்தைக் கடந்து பியர் காஸ்லி போக நேர்ந்தது. எட்டு ஆண்டுகளில் பாடம் மறந்துபோனது.

ஃபார்முலா ஒன் பெரிய பந்தயம், உலகமே பார்க்கிறது. அதற்குக் கீழே உள்ள பந்தயங்களில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். 2009இல் ஃபார்முலா டூ பந்தயத்தில் வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் தலையில் பட்டு இறந்த ஹென்றி சர்ட்டீஸுக்கு வயது 18. 2017இல் ஃபார்முலா ஃபோர் பந்தயத்தில் நின்றிருந்த காரில் மோதி இரண்டு கால்களையும் இழந்த பில்லி மாங்கருக்கு 17. 2023 ஜூலையில் ஸ்பாவில் மழைக்குள் மோதி இறந்த டிலானோ ஃபான் ட் ஹோஃபுக்கு 18. கீழ்நிலைப் பந்தயம் என்பதற்காக ஆம்புலன்ஸ், மருத்துவர், பயிற்சி பெற்ற மார்ஷல் இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்க அனுமதிக்கக் கூடாது என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

அப்புறம், கார்கள் பந்தய வேகத்தில் ஓடும்போது மீட்பு வாகனம் எதுவும் தடத்துக்குள்ளோ அதன் ஓரத்துக்கோ போகக் கூடாது. முதலில் எல்லாக் கார்களையும் தன் பின்னால் மெதுவாக வரவைக்கும் சேஃப்டி கார் அல்லது பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி, பிறகுதான் டிராக்டர் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும். காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பினால், மாற்று வண்டி வந்து நிற்கும்வரை பந்தயம் நிற்க வேண்டும். ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலை என்றால் எந்த மருத்துவமனைக்கு எந்தச் சாலையில் எவ்வளவு நேரத்தில் போக முடியும் என்பதைக் காலையிலேயே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மார்ஷல்களுக்குத் தீயைத் தாங்கும் உடை, ஒத்திகையோடு கூடிய பயிற்சி, விபத்துக் காப்பீடு மூன்றும் இல்லாத அமைப்பாளருக்கு அனுமதி தர வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பந்தயத்தை நிறுத்தும் அதிகாரமுள்ள ஒருவர் அமைப்பாளரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். ஒளிபரப்பு நேரமும் விற்ற டிக்கெட்டும் மழையில் எப்படிப்பட்ட முடிவுகளை எடுக்க வைக்கும் என்பதைத் தடத்தோரத்திலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உயிரிழப்பு நேர்ந்தால் தனி விசாரணை நடத்தி, அறிக்கையை முழுமையாக வெளியிட வேண்டும். பியாங்கி விசாரணைக் குழு தந்த பரிந்துரைகளில் ஒன்று, சூரியன் மறைய நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது பகல் பந்தயத்தைத் தொடங்கக் கூடாது என்பது. விசாரித்ததால்தான் இப்படி ஒரு தெளிவான விதி கிடைத்தது.

அடுத்த பந்தயப் பருவத்துக்கான அனுமதிகள் வழங்கப்படுமுன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறும், அதுவரை புதிய அனுமதி எதையும் நிறுத்தி வைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வ மார்ஷல்கள்