கட்டிப்போடாமலே விழாமல் பார்த்துக்கொள்ளலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநல மருத்துவமனை பற்றி நாளிதழில் செய்தி வந்தால் பெரும்பாலும் நோயாளி சுவரேறித் தப்பித்தார், இல்லையென்றால் எங்கோ சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள் என்பதாகத்தான் இருக்கிறது. உள்ளே அதைவிட அடிக்கடி நடக்கிற ஒன்று செய்தியாவதே இல்லை. நோயாளிகள் விழுகிறார்கள். கட்டிலிலிருந்து, கழிப்பறையில், குளிக்கிற இடத்தில், சில சமயம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும்போதே. செவிலியர் வேலையில் பெரும்பகுதியை மனநல வார்டில் கழித்து ஓய்வு பெற்றவள் நான். ஏன் விழுந்தார் என்று யார் கேட்டாலும் வருகிற பதில், "மென்டல் கேஸ் சார், சொன்னா கேக்க மாட்டாங்க" என்பதுதான். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பார்த்தவரை சொன்ன பேச்சைக் கேட்காமல் விழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் நாம் கொடுத்த மருந்தால், நாம் கழுவி ஈரமாக விட்ட தரையால், எழுந்திருக்கிற நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லாததால் விழுந்தவர்கள்.

பொது வார்டில் நோயாளி படுத்திருப்பார். மனநல வார்டில் அவர் நாள் முழுக்க நடமாடுவார், அதுவும் உடம்பைத் தள்ளாட வைக்கிற மருந்துகளோடு. மனநோய்க்குக் கொடுக்கிற குளோர்புரோமசின், குளோசபின், குவெட்டியாபின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிக் கண் இருட்டிவிடும். அதே வேலைக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால் சிலருக்கு உடம்பை விறைக்க வைத்துவிடும். கை வீசாமல், காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள், திரும்பும்போது தடுமாறுவார்கள். தூக்கத்துக்கு லோராசெபம் கொடுத்திருந்தால் காலை வரை மப்பு இருக்கும். மனநிலையைச் சீராக வைக்கிற லித்தியம் சாப்பிடுகிறவர் கத்திரி வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், கை நடுங்கும், நடை கோணலாகும். அதைப் பார்த்து "நேத்து நல்லா நடந்தாரே" என்று சொல்லிவிட்டுப் போவதும், உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவதும் நர்ஸ் கையில்தான் இருக்கிறது.

குளோசபினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். 2 நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடியும் அந்தச் சின்ன அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் வீட்டில் பத்து நாளாக மாத்திரையே சாப்பிடாமல் முரண்டு பிடித்தவரை அழைத்துக்கொண்டு வருவார்கள், பழைய சீட்டைப் பார்த்து அதே அளவு எழுதப்படும், அன்று ராத்திரியே அவர் தரையில் கிடப்பார். அட்மிஷனில் "கடைசியாக எப்போது மாத்திரை போட்டார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதைக் கேட்கிற இடத்தில் இருப்பதும் பெரும்பாலும் நர்ஸ்தான்.

விழுகிற நேரத்தையும் ஓரளவு கணிக்கலாம். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் வார்டைப் போய்ப் பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போட்ட மாத்திரையின் மயக்கம் இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. மூத்திரம் முட்டிக்கொண்டு வரும், அவசரமாக எழுந்து நடப்பார்கள். கழிப்பறையில் பெரும்பாலும் குந்தி உட்காருகிற பீங்கான்தான், குந்திவிட்டு எழும்போதுதான் ரத்த அழுத்தம் இறங்கும், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் காலை ஷிஃப்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ஃபினாயில் ஊற்றித் தரையைத் துடைத்திருப்பார்கள். போதாக்குறைக்குப் பைஜாமாவில் நாடா இருக்காது, கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொள்வார்கள் என்ற பயத்தில் உருவியிருப்போம். இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலில் துணி சிக்க, ஈரத்தரையில் நடக்கிற அறுபது வயதுக்காரர் விழாமல் வந்தால்தான் ஆச்சரியம். நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னால் "டெண்டர் போட்டாச்சு" என்பார்கள்.

கைப்பிடிக் கம்பி விஷயத்திலும் இதே சிக்கல்தான். பொது மருத்துவமனை மாதிரி குளியலறையில் கம்பி பதித்தால் அதில் துணியைக் கட்டித் தூக்கு மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மையான பயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டியே கம்பியே வேண்டாம் என்று விட்டுவிடுவது சோம்பேறித்தனம். கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் அடைத்துக் கட்டுகிற கைப்பிடிகள் உண்டு, துணி நுழையாது, கை மட்டும் பிடிக்கும்.

விழுகிறார் என்றதும் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது கட்டிப்போடுவது, இல்லையென்றால் இன்னொரு ஊசி. இரண்டுமே விழுவதைக் கூட்டுகிற வேலை. ஒரு நாள் முழுக்கக் கட்டிலோடு கிடந்தவருக்குக் கால் பலம் போயிருக்கும், அவிழ்த்துவிட்ட முதல் பத்து அடியிலேயே சரிவார். கட்டிலுக்குப் பக்கத் தடுப்பு போட்டால் குழம்பிப்போன நோயாளி அதன்மேல் ஏறிக் குதிப்பார், இரண்டடி உயரத்திலிருந்து விழ வேண்டியவர் நாலடியிலிருந்து விழுவார். அப்புறம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில் தீயில் கருகி 28 பேர் இறந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவர் அனுமதித்து, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டலாம். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டவே கூடாது. ஒவ்வொரு முறை கட்டியதையும் 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், நடப்பு தெரிந்தவர்கள் எழுதியது.

சரி, என்னதான் செய்யலாம்? புதிதாக மருந்து ஆரம்பித்தவருக்கும் அளவு ஏற்றியவருக்கும் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் ஒரு முறை பி.பி. பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அடுத்த மாத்திரை கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கள் வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் விடியற்காலை நாலு மணிக்கே ஒரு சுற்று வருவார், ஆபத்தானவர்கள் என்று குறித்து வைத்தவர்களை மட்டும் எழுப்பி, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார். அவர் டியூட்டியில் யாரும் விழுந்து எனக்கு நினைவில்லை. இதற்கு மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஆபத்தானவர்கள் யார் என்று குறிக்கிற படிவத்தையும் கொஞ்சம் யோசித்து எடுக்க வேண்டும். விழுகிற ஆபத்துக்கு மதிப்பெண் போடுகிற மோர்ஸ் அளவுகோலைத்தான் நிறைய இடங்களில் அப்படியே பயன்படுத்துகிறார்கள். அதில் டிரிப்ஸ் ஏறுகிறதா என்பதற்கு 20 மதிப்பெண், மனநல வார்டில் எத்தனை பேருக்கு டிரிப்ஸ் ஏறும்? தூக்கம், சாப்பாடு, மருந்து, மலஜலம் எல்லாவற்றையும் கேட்கிற எட்மன்சன் அளவுகோல் மனநல வார்டுக்கென்றே செய்தது. குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாளானவர், நாலு நாளாகச் சாப்பிடாத மனச்சோர்வு நோயாளி, பட்டினியாக இருந்து காலையில் ஷாக் ட்ரீட்மென்ட் முடித்து மயக்கம் தெளிந்து வருகிறவர் எல்லாம் அன்றன்றைக்கு ஆபத்துப் பட்டியலில் ஏறி இறங்க வேண்டியவர்கள். அட்மிஷன் அன்று போட்ட மதிப்பெண்ணையே டிஸ்சார்ஜ் வரை வைத்திருந்தால் அது காகிதம்தான்.

விழுந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். நாலு பேர் ஓடிவந்து அக்குளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பார்கள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதா, தலையில் அடியா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே! அப்புறம் அவர் சொக்கிச் சொக்கித் தூங்கினால் "மருந்து மயக்கம்" என்று விட்டுவிடுவார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் தூங்குவார். அதனால் தலையில் அடிபட்டவரை அன்று முழுக்க மணிக்கணக்குப் பார்த்து எழுப்பி, கண்மணியையும் கை கால் அசைவையும் பார்த்து எழுத வேண்டும். கேஸ் ஷீட்டில் "வழுக்கி விழுந்தார், காயம் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் அடுத்தவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், கடைசி மருந்து எது, விளக்கு எரிந்ததா, தரை ஈரமா என்பது இருந்தால்தான் மறுநாள் எதையாவது மாற்ற முடியும். எழுதினால் மெமோ வரும் என்ற பயம் இருக்கிறவரை யாரும் எழுத மாட்டார்கள் என்பதையும் அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் செய்ய ஆள் வேண்டும். ராத்திரியில் ஒரு சிஸ்டரையும் ஒரு ஆயாவையும் வைத்துவிட்டு வார்டு முழுக்கப் பார்த்துக்கொள் என்றால் யாராலும் முடியாது. ஒருவர் ஊசி போடுகிற நேரத்தில் இன்னொருவர் கழிப்பறை வாசலில் நிற்கிற அளவுக்காவது விடியற்காலையில் ஆள் போடுங்கள். பொது வார்டிலிருந்து மாற்றி அனுப்புகிற செவிலியர்களுக்கு இந்த மருந்துகள் நடையை என்ன செய்யும் என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள். அட்மிஷனுக்கு வரும்போது அவர் ஏற்கனவே விழுந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், கண்ணாடி போடுகிறவரென்றால் கண்ணாடியைக் கொண்டுவாருங்கள், பின்னால் பட்டை உள்ள, அடிப்பாகம் தேயாத செருப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள், உள்ளே அனுமதி இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர்,
மதுரை மாவட்டம்