தீட்சிதர் பாட்டைக் காத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் பிறந்த 250ஆவது ஆண்டையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திருவாரூர்ப் பிறப்பு, மணலி வாசம், சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போனது, திருத்தணியில் பாடிய முதல் கீர்த்தனை, 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானது எல்லாம் வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் எட்டயபுரத்திலிருந்து கட்டுரை நேராக இன்றைய சபா மேடைக்குத் தாவிவிட்டதே! நடுவில் நூறு வருஷம் அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியது யார்?

தீட்சிதர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 200க்கும் மேற்பட்ட முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகளை, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்களுக்கான குறிகளோடு அச்சேற்றியது அசுர உழைப்பு. ஆனால் அது தெலுங்கு லிபியில் வந்த புத்தகம். நம் பக்கத்து நாகஸ்வரக்காரர்களும், நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனார்களும் அதைப் பார்த்தா வாசித்தார்கள்?

முத்துசாமி தீட்சிதரின் சீடர்கள் யார் யார் என்று பாருங்கள். தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் நட்டுவனார் மரபினர். சுத்தமத்தளம் தம்பியப்பனுக்கு வாத்தியமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய வயிற்றுவலி தீரத்தான் நவக்கிரக கீர்த்தனைகள் பிறந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திருவாரூர்க் கமலம் ஆடல் மரபில் வந்த பெண். தோடி ராகத்தில் 'ரூபமு ஜூசி' என்ற சௌக வர்ணம் (மெதுவான காலத்தில் ஆடலுக்கான உருப்படி) அவருக்காகச் செய்யப்பட்டது என்பார்கள். உங்கள் கட்டுரையில் இவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

தம்பியப்பன் வழியில் வந்தவர் சாத்தனூர் பஞ்சநதய்யர். அவரிடம் பாடம் கேட்டவர்கள் வீணை தனம்மாளும், நாகஸ்வர வித்வான் திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளையும். பிள்ளைதான் 1936இல் 'தீட்சிதர் கீர்த்தனைப் பிரகாசிகை'யைத் தமிழில் ஸ்வரக்குறிப்போடு கொண்டுவந்தார். குரு வழியாகத் தனக்குக் கிடைத்த பாடாந்தரத்தைப் பூட்டி வைக்காமல் ஊருக்கே கொடுத்த மனசு அது.

என் தாத்தாவும் நாகஸ்வரக்காரர்தான், பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. சமஸ்கிருதம் படிக்கத் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை சாயரட்சை பூஜைக்கு யதுகுலகாம்போதி ராகத்தில், சனி பகவான் மேல் தீட்சிதர் செய்த 'திவாகர தனுஜம்' வாசிக்க வேண்டுமென்றால், மத்தியானமே திண்ணையில் உட்கார்ந்து சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, ஒரு தடவை வாய்விட்டுப் பாடிப் பார்த்துக்கொள்வார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில், நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி ஊறிக்கொண்டிருக்கும். "சாகித்யம் தெரியாம சீவாளியில வாய வைக்காதே" என்று அப்பாவை அதட்டுவார். சொல் எங்கே நீள்கிறதோ அங்கேதான் மூச்சும் நீளும். மெதுவான சௌக்க காலத்தில் ஒரு எழுத்தை எவ்வளவு நேரம் பிடித்துநிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அப்பா அதைக் காதால் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

'வாதாபி கணபதிம்' எல்லோருக்கும் தெரியும். சரி, கமலத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த ஆண்டு முடிவதற்குள் இன்னொரு கட்டுரை போடுங்கள். தம்பியப்பன், கமலம், பஞ்சநதய்யர், திருப்பாம்புரம் பிள்ளை என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் பரம்பரையாக இசையும் நாட்டியமும் காத்துவந்த இசை வேளாளர் வீடுகளில் பழைய பாடக் குறிப்பு நோட்டுகள் இன்னும் இருக்கும். உங்கள் நிருபர் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நாகஸ்வரக் குடும்பத்து வாசகர்,
திருவாரூர்