பாதைக்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடம்

திருகோணமலை,
புதன் இரவு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஞாயிறு பின்னேரம் அம்மாவோடு கதைத்தாயாம். அப்பாவிடம் கொடுக்கவா என்று அம்மா கேட்டதற்கு, கூட்டம் ஒன்று இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றாயாம். வலயக் கல்விக் கந்தோரில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், சில கிழமைகளில் ஞாயிறும் நமக்கு இல்லை. ஆனால் இதோடு நாலு ஞாயிறு. போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதபடியால் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் கூட்டம் வராது.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மான்கள் இரண்டு படலைக்குள்ளால் வந்து அம்மாவின் பசளிப் பாத்தியை முழுதாக மேய்ந்துவிட்டுப் போய்விட்டன. அம்மா விரட்டவில்லை, பாவம் தண்ணீர் தேடி வந்ததுகள் என்று வாளியில் தண்ணீர் வைக்கிறார். பெரியமாமியின் முழங்கால் அப்படியேதான். தம்பலகாமத்துத் தயிர் ஒரு சட்டி வந்தது. நீ வருவாய் என்று மூன்று நாள் வைத்திருந்து பிறகு அயலுக்குக் கொடுத்தோம்.

நேர்முகப் பரீட்சை எப்படிப் போனது என்று நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்கிற நாளில் சொல். போன வெள்ளி பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் என் காலத்து அதிபர் ஒருவரைக் கண்டேன். "உங்கட மகள் வலயக் கல்விப் பணிப்பாளரா வரப்போறாவாமே" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். நான் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தும் எட்டாத கதிரை அது. நீ நாற்பது வயதுக்கு முன் அதன் வாசலில் நிற்கிறாய். அதை எனக்கு நீ சொல்லியிருக்கலாம், கோயில் வாசலில் ஊரார் சொல்லித்தான் நான் அறிய வேண்டுமா? சரி, விடு. அவர் இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிள்ளை, அந்தக் கதிரை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, பள்ளிக்கூடங்களுக்குப் போ. கந்தோரில் இருந்து வலயத்தைப் பார்க்க முடியாது. சொல்லாமல் போ, ஆனால் பிடிக்கப் போகாதே. சொல்லாமல் வருகிற அதிகாரியைக் கண்டால் அதிபருக்கு நெஞ்சு அடிக்கும், அது அடங்கட்டும். முதலில் இடாப்பைக் கேட்காதே. கடைசி வாங்கில் போய் இரு, பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் கொப்பியைப் பார். கொப்பி பொய் சொல்லாது. எந்தத் திகதிக்குப் பிறகு பக்கம் வெறுமையாக இருக்கிறதோ, அந்தத் திகதியில் அந்த வகுப்புக்கு என்ன நடந்தது என்று கேள். சம்பவத் திரட்டில் எழுத முன்னம் அதிபரோடு இருந்து ஒரு தேத்தண்ணீர் குடி. எழுதப் போவதை அவருக்கு வாசித்துக் காட்டு. நீ போன பிறகு அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவர் வெட்கப்படக் கூடாது, வேலை செய்ய வேண்டும். நான் சிவப்பு மையால் எழுதியவன். எத்தனை நல்ல அதிபர்களை அந்தச் சிவப்பு மை ஊமையாக்கியது என்று இப்போது யோசிக்கிறேன்.

சித்தி வீதத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதே. எழுபது வீதம் சித்தி என்று ஒரு அதிபர் சொன்னால், பத்து வருடத்துக்கு முன் தரம் ஒன்றில் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று கேள். பரீட்சை மண்டபத்துக்கே வராத பிள்ளை எந்த வீதத்திலும் இல்லை. ஆளணி விவரத்தையும் கண்ணை மூடி நம்பாதே. 87இல் அரசியலமைப்புக்குப் பதின்மூன்றாவது திருத்தம் வந்த பிறகு தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சோடும் மற்றவை மாகாணத்தோடும் ஆகின. உன் கையில் கிடக்கிறவை பெரும்பாலும் யாரும் சிபாரிசுக்கு வராத பள்ளிக்கூடங்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்கு வாய் உண்டு. பழைய மாணவர் சங்கம் கொழும்பிலும் இருக்கும், லண்டனிலும் இருக்கும். குளத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு உன் பேனைதான் வாய்.

மீப்பேயில் பயிற்சிக்கு இருந்தபோது இரவில் போன் எடுத்து, தலைமைத்துவம், தன்மீளாய்வு என்று புதுப்புதுச் சொல்லெல்லாம் சொன்னாய், நினைவிருக்கிறதா? நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் காலத்தில் எங்களுக்கு யாரும் அப்படிப் படிப்பிக்கவில்லை. அதிபராக இருந்தவனைத் தூக்கிக் கந்தோரில் வைப்பார்கள், சுற்றறிக்கைக் கோவையைக் கையில் தருவார்கள், அவ்வளவுதான். இப்போது நான் சொல்வதும் நீ சொன்ன அந்தத் தன்மீளாய்வைத்தான். இரவில் பத்து நிமிடம் எழுது. அரசாங்கத்துக்குக் கொடுக்கிற நாட்குறிப்பை நான் சொல்லவில்லை. அதில் போன இடமும் மைல் கணக்கும்தான் இருக்கும். வேறு கொப்பி ஒன்று வை. இன்று எதில் ஒப்பம் வைத்தேன், யார் கேட்டு வைத்தேன், யாருக்கு அதனால் இல்லாமல் போனது என்று எழுது. மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்துக்குப் போ. திரும்பவும் அதையேதான் சொல்கிறேன், போ. கந்தோரில் இருக்காதே.

அம்மா இப்போதுதான் வந்து, அவளுக்கு உபதேசம் எழுதுகிறீர்களா, அவள் உங்களைவிடப் படித்தவள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அது உண்மைதான்.

அந்த அதிபர் சொன்னதை எழுதுகிறேன். நேர்முகத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் உங்கள் வலயத்தில் இரண்டு ஆசிரியர்களை உள்ளே இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து டவுன் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இணைப்புச் செய்ததாக ஒரு கதை. ஒப்பம் நீ வைத்தாய் என்கிறார். வேறொருவர், நீ மறுத்துவிட்டாய், அதனால்தான் உன் பெயர் பட்டியலில் கீழே போகும் என்கிறார். இரண்டில் எது என்று நான் கேட்க மாட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன். எடுத்துவிட்டு மானையும் தயிரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2003ஆம் வருடம். நீ பதினோராம் வகுப்பு. தை பிறந்ததில் இருந்து உங்கள் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை. நீ இரவில் மேசை விளக்கடியில் இருந்து அழுதது உனக்கு மறந்திருக்கும். வைகாசியில் கணக்கு சேர் வந்தார். தன் அம்மாவுக்குச் சுகமில்லை என்று அவர்தான் இடமாற்றம் கேட்டு வந்தார் என்று உனக்குச் சொன்னேன். அது பொய், மகள். அவர் கேட்கவில்லை. ஆசிரியர் விடயம் அப்போது என் கையில் இருந்தது. நான்தான் கொண்டுவந்தேன்.

அவர் இருந்தது மூதூருக்கும் அப்பால், கடலோரம். கிண்ணியாவில் பாதை என்கிற மிதவைப் படகு, உப்பாற்றில் பாதை, கங்கையில் பாதை என்று மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கிப் போக வேண்டும். இப்போது கிண்ணியாவில் பாலம் இருக்கிறது, 396 மீற்றர், இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். நான் அந்தப் பாலத்தில் போகும்போதெல்லாம் கண்ணை வெளியே விடுவதில்லை. சமாதான காலம் அது. வீதி திறந்து, ஓடிய சனம் திரும்பி வந்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சாதாரண தரத்துக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களுக்கு இருந்த ஒரே கணிதப் பட்டதாரி அவர்.

இடமாற்றம் என்று செய்தால் இடமாற்றச் சபைக்குப் போக வேண்டும், கேள்வி வரும். அதனால் தற்காலிக இணைப்பு, ஆறு மாதம் என்று ஒரு கடிதம். இணைப்பு என்றால் என்னவென்று உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சம்பளம் அங்கே, ஆள் இங்கே. கடதாசியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் ஒன்று, வெற்றிடம் இல்லை. அடுத்த முறை புது நியமனம் வந்தபோது, வெற்றிடப் பட்டியலில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரே இல்லை. பட்டியலைத் தட்டச்சுக்குக் கொடுத்தவன் நான்.

அங்கே இருந்த அதிபர் இளம் பொடியன். மூன்று தரம் வந்தார். முதல் தரம், ஆறு மாதம்தானே தம்பி, பொறுங்கள் என்றேன். இரண்டாம் தரம் ஒரு கடிதம் கொண்டுவந்தார். பதினொரு பிள்ளைகளும் கீழே ஒப்பம் வைத்திருந்தார்கள். ஒப்பம் வைத்துப் பழகாத பிள்ளைகள், தங்கள் பெயரைக் கொப்பியில் எழுதுவதுபோல முழுதாக எழுதியிருந்தார்கள். அதை வாங்கி லாச்சியில் வைத்தேன். மூன்றாம் தரம் அவர் வந்தது மத்தியானம். ஐயா வட்டாரத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லு என்று பியோனிடம் சொல்லிவிட்டு உள்ளே இருந்தேன். ஜன்னல் சீலைக்குள்ளால் பார்த்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். கடைசிப் பாதை போய்விடும் என்று நினைத்திருப்பார், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் வரவில்லை.

உனக்குக் கணிதத்தில் ஏ. நான் சந்திக்கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அதே கிழமை மற்றப் பள்ளிக்கூடத்துப் பெறுபேறும் என் மேசைக்கு வந்தது. கணிதத்தில் பதினொரு பேரில் ஒருவரும் சித்தி இல்லை.

அப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கலாம். அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்காவது அவர் உதவியிருப்பார். உங்கள் அதிபர் விடமாட்டேன் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. இணைப்பை இன்னொரு வருடம் நீட்டினேன். 2004 மார்கழியில் கடல் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டிடம்தான் மிஞ்சியது. 2006இல் மாவிலாற்றோடு சண்டை தொடங்க, அந்த ஊரே எழும்பி வாகரைப் பக்கம் போய், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனது. திருப்பி அனுப்ப ஆசிரியர் இருந்தார், அனுப்ப ஊர் இல்லை. அந்தப் பதினொரு பேரும் எங்கே என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாக இருக்கிறது.

உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்லி உன்மேல் சுமை ஏற்றுகிறேன் என்று நினைக்காதே. நீ பதினாறு வயதுப் பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது. செய்தவன் நான். அம்மாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

மகள், நீ அந்தக் கடிதத்தில் ஒப்பம் வைத்திருந்தால், இன்னும் நேரம் இருக்கிறது. இணைப்பை இரத்துச் செய்ய ஒரு வரி போதும். கதிரைக்காக வைத்திருந்தாலும் சரி, யாருடைய போனுக்காகவோ வைத்திருந்தாலும் சரி, இந்தத் தவணை முடிய முன்னம் எழுது. அடுத்த தவணைக்கு என்று வைக்காதே. நான் அப்படித்தான் வைத்தேன். நீ மறுத்திருந்தால், அதற்காகப் பதவி போனதென்றால், தலை குனிந்துகொண்டு அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசாதே. வந்து முற்றத்தில் கதிரை போட்டு இரு. உன் பக்கத்தில் நான் இருப்பேன்.

என் பழைய கொப்பிகளில் 2003ஆம் வருடத்துக் கொப்பியைச் சீலைப் பையில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். வைகாசி பன்னிரண்டில் இருந்து பத்தொன்பது வரை பக்கங்கள் வெறுமையாக இருக்கும். மற்ற எல்லா நாளும் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் கடிதமும் அதற்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துவிட்டது, கவனமாகத் திற.

ஹொரவப்பொத்தானை வழியாக வருகிற காலைப் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், நம்பகமான தம்பி. நிலையத்துக்கு யாரையாவது அனுப்பி எடு. பத்து மணிக்குக் கதவு பூட்டினாலும் நான் பதினொன்று வரை விழித்திருப்பேன். போன் தலைமாட்டில் இருக்கும்.

அன்புடன்,
அப்பா