தினேஷின் போர்வை

செந்தூல்,
கோலாலம்பூர்

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. ராஜம் பேத்தி எடுத்துவிட்டாள், மூக்கு அப்படியே ராஜம்தான், பாவம் குழந்தை.

போன வாரம் உன் மகன் தினேஷ் என் தையல் கடைக்கு வந்தான். தீபாவளி முடிந்த கையோடு நேப்பாளம் போகிறானாமே! அன்னபூர்ணா அடிவார முகாம், 4,130 மீட்டர் உயரம். நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கு உனக்குத் தனியாக இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு மடித்த வெள்ளித் தாள் ஒன்றை எடுத்துக் காட்டி, "ராத்திரிக்கு இது போதும் பெரியம்மா, நாசா கண்டுபிடிச்சது" என்கிறான். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பாய்வாய், அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

அந்தத் தாள் 1964-ல் விண்வெளி வேலைக்காக உருவானது என்பது உண்மைதான். மெல்லிய பாலியஸ்டர் ஏட்டில் அலுமினியம் பூசியிருக்கும். உடம்பிலிருந்து கதிராகப் போகும் சூட்டை அது திருப்பி அனுப்பும். ஆனால் தரையில் விரித்து அதன்மேல் படுத்தால், சூடு அதன் வழியாகவே நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும். உடம்போடு சுற்றிக்கொண்டால் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்பக்கம் நீர் கோத்து, விடிவதற்குள் உடுப்பெல்லாம் நனைந்திருக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அவசரத்துக்குக் காற்றையும் மழையையும் தடுக்க அது பையில் கிடக்கட்டும். படுக்கை என்று அதை நம்பிப் போகக்கூடாது.

வழியெல்லாம் விடுதி இருக்கிறது, அங்கே கம்பளி கொடுப்பார்கள் என்று நீ சொல்வாய். சரி, விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால் கொடுப்பார்கள். 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் அடித்தது நினைவிருக்கிறதா? அதன் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து அதே அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் கணவாயிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நடைப்பயணத்துக்கு நல்ல மாதம் என்று ஊரே சொல்கிற மாதம் அது. இவன் போவது வேறு பாதைதான், ஆனால் மலை மலைதானே. பாதை மூடி, வழியில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டால் பையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கவலை. 1997-ல் நம்ம மலேசியாவின் மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட செய்தியை நீதானே வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாய்! அந்த வீட்டுப் பிள்ளை மலைக்குப் போகாமல் என்ன செய்யும்? போகட்டும், நான் தடுக்கவில்லை. ஒழுங்கான படுக்கையோடு போகட்டும்.

அதை நானே தைக்கப் போகிறேன். கடையில் விற்கும் நல்ல தூக்கப்பை விலையைக் கேட்டால் உனக்கு மயக்கம் வரும். போர்வை தானாகச் சூடு தராது கலா, சூடு நம் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். பஞ்சுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் பஞ்சு எவ்வளவு உப்பி நிற்கிறது என்பதே கணக்கு. முதுகுக்கு அடியில் நசுங்கிப்போன பஞ்சு வெறும் சுமை. அதனால் கீழ்ப்பக்கமே இல்லாமல் மேலே மட்டும் மூடுகிற மாதிரி வெட்டுகிறேன், எடை அங்கேயே குறையும். கால்மாட்டில் மட்டும் பை மாதிரி மூடித் தைத்து, கழுத்துப் பக்கம் நாடா கோத்துவிடுவேன்.

துணி இங்கே மஸ்ஜித் இந்தியா தெருவில் பார்த்துவிட்டேன். சின்னச் சின்னக் கட்டமாக நெய்த பாராசூட் நைலான், ஊதினால் பறக்கும். பிளாஸ்டிக் பூசாததாகப் பார்த்து எடுக்க வேண்டும், வியர்வை வெளியே போகட்டும். உள்ளே பாலியஸ்டர் வாடிங் பஞ்சு, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் உப்ப வேண்டும். நம் வழக்கமான மெத்தைத் தையல் இதற்கு ஆகாது. ஊடுருவித் தைத்த கோடு ஒவ்வொன்றிலும் பஞ்சு நசுங்கி, அந்த வழியாகக் குளிர் நுழையும். ஓரம் மட்டும் தைத்து, நடுவில் அங்கங்கே கம்பளி நூலைத் தளர்வாக முடிந்துவிட்டால் பஞ்சு நகராது, உப்பலும் போகாது. யோசித்து யோசித்து இந்த முடிவுக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

உனக்கு உடனே உன் பாட்டி வீட்டுக் கெக்காபு மரம், அதான் இலவ மரம், ஞாபகம் வரும். இலவம்பஞ்சு லேசுதான், தண்ணீரும் ஒட்டாது, ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைக்குள்ளேயே அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் பையில் திணித்துத் திணித்து எடுத்தால் நைந்துவிடும், மறுபடி உப்பாது, தீயும் சட்டென்று பிடிக்கும். வாத்து இறகு எல்லாவற்றையும்விட மேல், ஆனால் நனைந்தால் கட்டிபட்டுப் போகும். பாலியஸ்டர் நனைந்தாலும் ஓரளவு தாங்கும்.

இனி தரை. வீட்டில் இருக்கும் தோத்தோ மெத்தையைச் சுருட்டி எடுத்துப் போகிறேன் என்றான்! அது கனம், நனைந்தால் காயவே காயாது. தொலைக்காட்சிப் பெட்டியில் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் தாளை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, அதன்மேல் கார் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கும் வெள்ளி மறைப்பை வைத்தால் எடையே தெரியாது. ஸ்பாஞ்சு வேண்டாம், அது தண்ணீரைக் குடிக்கும். தோளிலிருந்து இடுப்பு வரை தடிமனாக இருந்தால் போதும், காலுக்கடியில் காலியான முதுகுப்பையைப் போட்டுக்கொள்ளலாம். மரம் இருக்கிற உயரத்தில் மாட்டிக்கொண்டால் பெரிய குப்பைப் பை இரண்டில் காய்ந்த சருகை அடைத்து மெத்தையாக்கலாம். அதற்கு மேலே ஏறினால் சருகும் கிடையாது, அதனால் ஃபோம் கட்டாயம்.

இந்த ஊர் வெயிலில் இதை எங்கே சோதிப்பது? உன் கொழுந்தன் பட்டர்வொர்த் மீன் கிடங்கில்தானே இருக்கிறார்? உறைய வைக்கும் அறை வேண்டாம், இரண்டு மூன்று பாகையில் வைத்திருக்கும் அறையில், முதலாளியிடம் கேட்டு, தினேஷ் இரண்டு மணி நேரம் படுத்துப் பார்க்கட்டும். கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும், வெளியே ஒருவர் நின்றே ஆக வேண்டும். எங்கே குளிர் நுழைகிறது என்று சொன்னால் கிளம்புவதற்குள் சரி செய்து கொடுப்பேன்.

அப்புறம், இதை அவனிடம் நீயே சொல். படுக்கும்போது காய்ந்த உடுப்பும் தொப்பியும், அதற்கென்று தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது. போர்வைக்குள் முகத்தை விட்டு மூச்சு விடக்கூடாது. உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. கூட இருப்பவன் நாக்குழறி, கால் தடுமாறினால் உடனே கவனிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு நடுக்கம் நின்றுபோய், பேச்சும் குழறினால் அது தேறிவிட்டதன் அறிகுறி இல்லை, இன்னும் மோசம். உங்கள் சித்தப்பாவின் பிராந்தி வைத்தியத்தை அங்கே யாரும் செய்ய வேண்டாம். குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடிச் சூடு மாதிரி தோன்றும், உள்ளே இருக்கும் சூடு இன்னும் வேகமாகப் போய்விடும்.

தீபாவளி ரவிக்கைகள் குவிவதற்குள் துணி வெட்ட வேண்டும். அவன் உயரம், தோளைச் சுற்றிய அளவு இரண்டையும் புதன்கிழமைக்குள் அனுப்பு. குளிர்ச்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் நாடாவை வைத்து அள. இறுக்கமாகப் போனால் பஞ்சு நசுங்கிவிடும். துணிக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டு எழுதாதே, பதில் வராது.

அன்புடன்,
செல்வி