காதுக்கு வந்த பேப்பர்

அன்புள்ள முருகேசா,

நலம். வலது கண்ணில் புரை எடுத்து இருபது நாள் ஆகிறது. புதுக் கண்ணாடி வர இன்னும் இரண்டு வாரமாம். அதுவரை எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான். இந்தக் கடிதமும் போனிடம் பேசிப் பேசி அடித்தது. ல, ள மாறிக் கிடந்தால் சிவப்பு மையை எடுத்துவிடாதே.

பேப்பர் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்று உனக்குத் தெரியும். என் தொல்லை தாங்காமல் மகள் போனில் செய்தியை வாசிக்க வைத்துக் கொடுத்தாள். பெண் குரல், தங்குதடை இல்லாமல் வாசித்தது. முதல் நாள் அசந்துபோனேன். மறுநாளே எனக்குள் இருக்கும் புரூஃப் ரீடர் விழித்துக்கொண்டான். நாட்டிய விமர்சனம் ஒன்றில் ‘முகத்தில் பாவம் ததும்பியது’ என்று வந்தது. குரல் அதைப் பாவ புண்ணியத்துப் பாவமாக்கிவிட்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பா’தானே. ஆனால் லாரி மோதி மூவர் பலி என்று வாசித்த மூச்சிலேயே, ‘இதையும் படியுங்கள், பத்து நிமிடத்தில் தக்காளித் தொக்கு’ என்றது பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கேட்கக் கேட்கத்தான் நாம் எழுதி வந்த லட்சணமும் தெரிகிறது. எங்கே, எப்போது, எதற்கு என்று இருபது சொல்லைக் கோத்துவிட்டுக் கடைசியில் ‘தெரிவித்தார்’ என்று முடிப்போமே! கண் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காது, பயனிலை வந்து சேர்வதற்குள் எழுவாயைத் தொலைத்துவிடுகிறது. தலைப்பை மேய்ந்துவிட்டுப் பக்கம் தாண்டுகிற வசதியும் கிடையாது. வானொலிக்காரர்கள் வாக்கியத்தை அத்தனை சின்னதாக நறுக்கியது சும்மா இல்லை.

மகளிடம் புலம்பியபோது அவள் சத்தீஸ்கர் கதை ஒன்று சொன்னாள். பிபிசியில் இருந்த சுப்ராம்ஷு சவுத்ரி 2010-இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற போன்வழிச் செய்திச் சேவை. ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். பட்டன் போனில் மிஸ்டு கால் கொடுத்தால் அங்கிருந்து திரும்பக் கூப்பிடும். 1-ஐ அழுத்தினால் நம் ஊர்ச் செய்தியைப் பேசிப் பதியலாம், 2-ஐ அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். ஆசிரியர் குழு சரிபார்த்த பிறகுதான் வெளியே போகும், இணையதளத்திலும் ஏறும். கோண்டியிலும் பேசலாம். 2011 கணக்கெடுப்பில் அந்த மொழிக்காரர்கள் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். அதுவும் திராவிட மொழி, நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கைபம்பு பழுது, கூலி வரவில்லை என்று அவரவர் வாயாலேயே சொல்கிறார்கள். அங்கே ‘பாவம்’ தகராறு வர வாய்ப்பில்லை, பேசுவது மனிதர் ஆயிற்றே. நாம் அந்தக் காலத்தில் தாலுகா நிருபரின் தபாலுக்கு மூன்று நாள் காத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா?

சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் எழுதாதே, இப்போது என்னால் படிக்க முடியாது. பேசி அனுப்பு. பின்னால் உங்கள் வீட்டு மிக்சி இரைந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
சுந்தரம்