லைனை நிரப்பும் வழி

ஆசிரியருக்கு,

தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்பவில்லை என்ற புலம்பல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆண்டுதோறும் எழுகிறது. ஆள் போகாமலிருக்க ஒரு வாரக் கூலியைப் பிடித்துவைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இது சட்டப்படியும் தவறு, பலனும் இல்லை. கூலி நிலுவை என்ற பேச்சு அந்த டெய்லருடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து அடுத்து வர இருந்தவர்களும் வேறு கம்பெனி பார்ப்பார்கள்.

டெய்லர் மனம் மாறுவது பெரும்பாலும் ஸ்டைல், அதாவது தைக்கும் ஆடையின் வடிவம், மாறும் வாரத்தில்தான். முதல் இரண்டு மூன்று நாள் கை பழகாது, பீஸ் குறையும். தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட்காரருக்கு அந்தச் சனிக்கிழமைக் கூலி சட்டென்று இறங்கிவிடும். பக்கத்துக் கம்பெனியில் தனக்குப் பழகிய ஸ்டைல் ஓடுகிறது என்று தெரிந்தால் திங்கட்கிழமை அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். எனவே புது ஸ்டைலின் முதல் மூன்று நாளுக்கு, அவரது முந்தைய நான்கு வாரச் சராசரிக்குக் குறையாமல் ஷிப்ட் கூலி கொடுங்கள். ரேட்டைச் சரக்கு தையல் மெஷின் வரிசையான லைனில் ஏறும் முன்பே எழுதி ஒட்டுங்கள். பாதி ஆர்டர் தைத்த பிறகு பேரம் பேசினால் நம்பிக்கை போய்விடும். வெட்டிய துணிப் பண்டல் வரவில்லை, நூல் நிறம் பொருந்தவில்லை, மெக்கானிக் வரவில்லை என்று மெஷின் நின்ற நேரத்தை சூப்பர்வைசர் அன்றன்றே குறித்து, அதற்கும் கூலி சேர்க்க வேண்டும். அது டெய்லரின் குற்றமல்லவே.

பீஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்தால் ஆல்டர், அதாவது திருத்தித் தைக்க வேண்டிய பீஸ், கூடும். செக்கிங்கில் திரும்பி வந்த பீஸைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். அதைவிட மேலான பாராட்டு, கற்ற வேலைக்குக் கூலி ஏறுவது. ஓவர்லாக் மெஷின் டெய்லர் பேட்லாக் மெஷினும் பழகினால், கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளராக, சேர்ந்த பெண் மெஷினில் உட்கார்ந்தால், அடுத்த வாரக் கூலிச் சீட்டிலேயே அது தெரிய வேண்டும். கேட்டுக் கேட்டு வாங்கும் உயர்வு யாரையும் நிறுத்தாது.

விலகுகிறவர்களின் கணக்கை நேராக முடிப்பதும் முக்கியம். கணக்காண்டில் 30 நாள் வேலை செய்து, சட்ட வரம்புக்குள் சம்பளம் வாங்கியவருக்குக் குறைந்தது 8.33 சதவீத போனஸ் உண்டு. தீபாவளிக்கு முன்பே விலகியிருந்தாலும், வேலை செய்த காலத்துக்கு அது சேர வேண்டும். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை உடனே ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால் பழைய கணக்கிலுள்ள பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற முடியாமல் அவர் அலைய நேரும்.

பின்னலாடைத் துறை மனிதவள அலுவலர்கள் சிலர்,
திருப்பூர்