ரூன் சதவீதத்தைக் கேட்டு ஆள் சேர்க்காதீர்கள்: மலையகத்து கில்ட் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கில்ட் தலைவர்களே, துணைத் தலைவர்களே,

வணக்கம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று மலையகம் முழுக்க 'சம்மனர்ஸ் வோர்' என்ற போன் விளையாட்டை விளையாடும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து கில்ட் (சேர்ந்து விளையாடும் குழு) நடத்துகிறவர்கள் நீங்கள். தென்கொரிய நிறுவனம் ஒன்று 2014இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் இன்றைக்கும் தமிழில் ஒரு மெனு இல்லை. அப்படியிருந்தும் தோட்டத்துப் பிள்ளைகள் அதில் நிலைத்து நிற்கிறார்கள் என்றால், வட்ஸ்அப் குழுக்களில் நீங்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததுதான் காரணம். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ரூன் என்பது சண்டைக்கு இறக்கும் மொன்ஸ்டருக்கு மாட்டி அதன் பலத்தைக் கூட்டும் கல்; அந்த ரூன் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லும் சதவீதம்தான் ரூன் எபிஷியன்சி. புதிதாகச் சேர வருகிற தம்பி தங்கச்சியிடம் "ரூன் எபிஷியன்சி சராசரி எவ்வளவு? ஸ்கிரீன்ஷொட் அனுப்பு" என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒரு கில்டில் 30 பேருக்குத்தான் இடம், ஆளைத் தெரிந்தெடுக்க ஏதோ ஓர் அளவு வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் இந்த அளவு தப்பான ஆளை உள்ளே விடுகிறது, நல்ல ஆளை வெளியே நிறுத்துகிறது. அதைவிட மோசம், பிள்ளைகளுக்கு ரூனைத் தப்பாகப் பார்க்கப் பழக்குகிறது.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்பதைக் குழுவில் யாரும் விளக்கி நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். ஒரு மொன்ஸ்டருக்கு ரூன் மாட்ட ஆறு இடங்கள், அவைதான் ஸ்லொட். ஒவ்வொரு ரூனிலும் வருகிற பெரிய பலன் மெயின் ஸ்டாட், கூட வருகிற சின்னப் பலன்கள் சப் ஸ்டாட். ஒரு 6 நட்சத்திர ரூனில் ஒவ்வொரு சப் ஸ்டாட்டும் கோட்பாட்டளவில் எவ்வளவு உயரம் போக முடியும் என்று பார்ப்பார்கள். ஸ்பீட் 30, கிரிட்டிகல் ரேட் 30, கிரிட்டிகல் டேமேஜ் 35, மற்றச் சதவீத சப்கள் 40. உங்கள் ரூனில் இருக்கும் அளவை அந்த உச்சத்தால் வகுத்து, நான்கையும் கூட்டி, மெயின் ஸ்டாட்டுக்கு ஒன்று சேர்த்து, மொத்தத்தை 2.8ஆல் வகுப்பார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த ரூன் எந்த மொன்ஸ்டருக்குப் போகப்போகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பெர்னார்டை எடுத்துக்கொள்வோம். காற்று கிரிஃபன், 3 நட்சத்திர மொன்ஸ்டர், காசு செலவழிக்காத பிள்ளைகள் நிறையப் பேரிடம் இருக்கும். அவன் வேலை அடிப்பது அல்ல. எல்லோருக்கும் முன்னால் எழும்பி, கூட்டாளிகளின் அட்டாக் பாரை (நிறைந்ததும் அடிக்கும் முறை வருகிற பட்டை) முன்னே தள்ளி, ஸ்பீடைக் கூட்டிவிடுவது. இப்போது ஆறாம் ஸ்லொட்டுக்கு இரண்டு ரூன்கள், இரண்டுக்கும் மெயின் எச்பி (உயிர்) சதவீதம்.

முதல் ரூனின் சப்கள்: ஸ்பீட் 22, அக்யூரசி 8, டிஃபென்ஸ் 5, கிரிட்டிகல் ரேட் 4. கணக்குப் போட்டால் எபிஷியன்சி 78 சதவீதம். இரண்டாம் ரூன்: அட்டாக் 16, கிரிட்டிகல் டேமேஜ் 14, கிரிட்டிகல் ரேட் 12, ரெசிஸ்டன்ஸ் 16. எல்லாம் உச்சத்தில் விழுந்த ரூன், 93 சதவீதம். ஸ்கிரீன்ஷொட் கேட்டால் பிள்ளை இரண்டாவதைத்தான் மாட்டிக் காட்டுவான், நீங்களும் அவனைத்தான் சேர்ப்பீர்கள். ஆனால் பெர்னார்டுக்கு அந்த ரூனில் சின்ன உதவி என்றால் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான்.

ஸ்பீட் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓர் எண்ணில் காட்டுகிறேன். பெர்னார்டின் அடிப்படை ஸ்பீட் 111. ஸ்விஃப்ட் வகை ரூன்களைச் சேர்த்துப் போட்டால் வருகிற செட் பலன் 25 சதவீதம், முழுதாக உயர்த்திய ஸ்பீட் கட்டடம் 15 சதவீதம். இரண்டும் அடிப்படை ஸ்பீடின் மேல்தான் கணக்காகும், ரூனில் வருகிற ஸ்பீடின் மேல் அல்ல. கிட்டத்தட்ட 28ம் 17ம் கூடும். இரண்டாம் ஸ்லொட்டில் 6 நட்சத்திர ஸ்பீட் ரூன் +15 (ஏற்றக்கூடிய கடைசி நிலை) என்றால் 42. மற்ற ரூன்களின் சப்களை விட்டுவிட்டால் மொத்தம் 198. விளையாட்டு ஒவ்வொரு டிக்கிலும் (மிகச் சின்ன நேரத் துண்டு) ஸ்பீடில் 7 சதவீதத்தை அட்டாக் பாரில் நிரப்புகிறது. 198 ஸ்பீடில் பார் நிறைய 8 டிக் வேண்டும். அந்த 22 ஸ்பீட் ரூனைப் போட்டால் ஸ்பீட் 220, பார் 7 டிக்கில் நிறைந்துவிடும். ஒரு முழு டிக் முந்துகிறான். கில்ட் வோரில் யார் முதலில் எழும்புகிறார் என்பது அந்த ஒரு டிக்கில் முடிவாவதை நீங்கள் எத்தனையோ தரம் பார்த்திருப்பீர்கள். 93 சதவீத ரூன் அவனை 198இலேயே நிறுத்தி வைக்கும்.

சரி, அப்படியென்றால் ரூனை எப்படிப் பார்ப்பது? நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஸ்லொட். 1, 3, 5 ஆகியவற்றில் மெயின் மாறாது. அட்டாக், டிஃபென்ஸ், எச்பி என்று வெறும் எண்ணாகத்தான் வரும். ஆகவே அந்த மூன்றிலும் ரூனின் மதிப்பு முழுக்க சப்பில்தான். 2, 4, 6இல் கதை வேறு. ஸ்பீட் மெயின் இரண்டாம் ஸ்லொட்டில் மட்டும் வரும், கிரிட்டிகல் மெயின்கள் நான்கில் மட்டும், அக்யூரசியும் ரெசிஸ்டன்ஸும் ஆறில் மட்டும். இங்கே ஸ்பீடைத் தவிர வேறு மெயின் சதவீதமாக இல்லாமல் வெறும் எண்ணாக வந்தால், ஆரம்ப நாட்களைத் தவிர, எவ்வளவு நல்ல சப் இருந்தாலும் யோசிக்காமல் விற்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எங்கே நிறுத்துவது. என் மனதை உறுத்துகிற இடம் இதுதான். சராசரியை உயர்த்த வேண்டும் என்று பிள்ளைகள் கையில் கிடைக்கிற எல்லா ரூனையும் +12, +15 வரைக்கும் கொண்டு போகிறார்கள். மேலே போகப் போக மானா (விளையாட்டுக்குள் இருக்கும் காசு) செலவு ஏறுகிறது, தோல்வியும் கூடுகிறது. தோற்றால் ரூன் கீழே இறங்காது, ஆனால் போட்ட மானா போனதுதான். சப் உயர்வது +3, +6, +9, +12 ஆகிய நான்கு படிகளில் மட்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு சப்போடு வருகிற, உயர்ந்த தரமான லெஜண்ட் ரூனை ஸ்பீடுக்காக ஏற்றுகிறோம் என்று வைப்போம். நான்கு சப்புக்கும் சம வாய்ப்பு என்று எடுத்தால், நான்கு படியிலும் ஸ்பீட் ஒருமுறைகூட ஏறாமல் போகும் வாய்ப்பு 256இல் 81, அதாவது மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கும் ஸ்பீடிலேயே விழுவது 256இல் ஒன்று. +6 வந்தும் ஸ்பீட் அசையவில்லை என்றால், மீதி இரண்டு படியும் ஸ்பீடில் விழ 16இல் ஒரு வாய்ப்புத்தான். அங்கே நிறுத்தி மானாவை அடுத்த ரூனுக்கு வைத்துக்கொள்வதுதான் கெட்டித்தனம். அதற்கு அடுத்த தரமான ஹீரோ ரூன் மூன்று சப்போடு வரும், முதல் மூன்று படியும் இருக்கிற சப்களில் ஏறும், நான்காவது சப் +12இல்தான் திறக்கும். அதனால் ஹீரோ ரூனை +9இல் வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

ஆனால் +12ஐத் தாண்டுவது வேறு கணக்கு. அங்கே சப் எதுவும் ஏறாது, மெயின் மட்டும் ஏறும். ஆறாம் ஸ்லொட் எச்பி ரூன் +12இல் 47 சதவீதம், +15இல் 63. இரண்டாம் ஸ்லொட் ஸ்பீட் 31இலிருந்து 42க்குப் போகும். எனவே 2, 4, 6ஐ உடனே +15க்குக் கொண்டு போகலாம். 1, 3, 5ஐ +12இலேயே விட்டுவிட்டு மானா தாராளமாகச் சேர்ந்த பிறகு பார்க்கலாம். இந்த ஒரு பழக்கம் வந்தாலே புது ஆட்களுக்கு எவ்வளவோ மானா மிஞ்சும்.

5 நட்சத்திர ரூனையும் உங்கள் சதவீதம் கேவலப்படுத்துகிறது. இரண்டாம் ஸ்லொட் ஸ்பீட் மெயின் 5 நட்சத்திரத்தில் +15க்கு 39, 6 நட்சத்திரத்தில் 42. வித்தியாசம் வெறும் 3. ரூன் கிடைக்கிற ஜயன்ட், டிராகன் குகைகளில் இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த 39 போதும், அதை வைத்து முன்னேறிய பிறகு மாற்றிக்கொள்ளட்டும். "5 நட்சத்திரமா போட்டிருக்கிறாய்?" என்று குழுவில் ஒரு பிள்ளையைக் கேலி செய்ததைப் பார்த்தேன். அந்தக் கேலிக்கு விளையாட்டுக்குள் எந்த நியாயமும் இல்லை.

கிரைண்ட்ஸ்டோன் (சப்பின் அளவைக் கூட்டுவது), ஜெம் (சப்பையே மாற்றுவது) பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ரூனில் ஒரு சப்பைத்தான் ஜெம் வைத்து மாற்ற முடியும். ஆகவே உதவாத சப் ஒன்று ஒருமுறையும் ஏறாமல் சும்மா கிடந்தால் அது குறையே இல்லை, ஜெம்முக்கான இடம் அது. ஸ்பீடுக்கு லெஜண்ட் கிரைண்ட்ஸ்டோன் 5 வரைக்கும் கூட்டும். இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த பிள்ளை 70 சதவீத ரூனையும் எடுத்து வைப்பான். பார்க்கத் தெரியாதவன் தூக்கி விற்றுவிடுவான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே விளையாடுகிறவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். பழைய போன், விரிசல் விழுந்த திரை, அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே டேட்டா கார்ட். மழைக்காலத்தில் லயத்துக்குள் சிக்னல் நிற்காது, கரண்ட்டும் சொல்லிக்கொண்டு போகாது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை 1,000 ரூபாய் ஆக்க 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த ஊர் இது. சதவீதம் குறைவு என்று உங்கள் குழுவில் நிராகரிக்கப்பட்ட பிள்ளை அடுத்து என்ன செய்கிறது? "பக்" (விளையாட்டில் காசுக்கு விற்கிற பொதி) வாங்கினால் ரூன் சீக்கிரம் வரும் என்று யாரோ சொல்ல, ரீலோட் காசை அதில் போடுகிறது. அந்தக் காசு கொழுந்து பறித்து வந்த காசு. ஒரு கில்ட் அறிவித்தல் அந்த வீட்டுக்குள் போய் அதைச் செய்யக்கூடாது.

அதனால் அறிவித்தலை இப்படி மாற்றிப் பாருங்கள். மூன்று மொன்ஸ்டர் கொண்ட ஓர் அணியைக் காட்டச் சொல்லுங்கள். எது முதலில் எழும்ப வேண்டும், ஏன், ஒவ்வொன்றுக்கும் எந்த ஸ்டாட் முக்கியம் என்று அவர்கள் பாஷையிலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு அண்மையில் +6இலோ +9இலோ நிறுத்திய ரூன் ஒன்றைக் காட்டி, ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிற பிள்ளை, ரூன் இன்றைக்குச் சுமாராக இருந்தாலும், கில்ட்டுகள் மோதும் சீஜில் உங்களுக்கு நல்ல டிஃபென்ஸ் அணி கட்டித் தருவான். பதில் தெரியாதவனையும் சேர்த்து, கொஞ்ச நாள் யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள். 30 பேரில் இரண்டு மூன்று இடத்தை அதற்கென்று ஒதுக்கினால் கில்ட் இறங்கிவிடாது.

இன்னொன்று. இலவசமாக ரூன் கழற்றலாம் என்று விளையாட்டில் அறிவிக்கும் நாட்களை முன்கூட்டியே குழுவில் போடுங்கள், பிள்ளைகளுக்கு டேட்டா எடுத்து வைத்துக்கொள்ள நேரம் வேண்டும். அன்றைக்குச் சாயந்தரம் எல்லோருமாகச் சேர்ந்து ஓர் ஆளின் அணியை எடுத்து, ரூனை மாற்றிப் போட்டு, ஸ்பீட் வரிசையைச் சரிபார்க்கலாம். நேரம் சொன்னால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
தலவாக்கலையிலிருந்து, உங்களில் ஒருவன்